மொத்தம் கூடியது, சதுப்பு குறைந்தது

தொழிலால் நான் கணக்காய்வாளர். முப்பது வருடங்களாகக் கொழும்புக் கம்பனிகளின் களஞ்சியங்களுக்குள் நின்று சீமெந்து மூட்டை, தேயிலைப் பெட்டி, ஆணிப் பக்கெட் என்று எண்ணி வருகிறேன். பறவை எண்ணப் போனது 2014 ஜனவரியில். அதுவும் ஆள் போதவில்லை என்று அலுவலகத் தோழி ஒருத்தி கையைப் பிடித்து இழுத்துப் போனதால்தான். வெள்ளவத்தைக் கால்வாய்ப் பாலத்தடியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கண்ணில் படும் நீர்க்காகத்தையும் கொக்கையும் தவிர வேறெதற்கும் அன்று எனக்குப் பெயர் தெரியாது.

ஜனவரியில் எண்ணுவதற்குக் காரணம் இருக்கிறது. மத்திய ஆசியாவிலிருந்து இறங்கும் வலசைப் பாதைக்கு இலங்கைதான் தென்முனை, இதற்கப்பால் கடல். செப்டம்பரிலிருந்து வந்து சேரும் பறவைகள் ஜனவரியில் ஓரிடத்தில் நிலைகொண்டிருக்கும். உலகெங்கும் இந்தக் காலத்தில் நீர்ப்பறவை எண்ணும் வழக்கம் 1967இல் தொடங்கியது. ஆசியக் கணக்கெடுப்பு 1987இல் சேர்ந்துகொண்டது. பல நாடுகளில் ஒரே பருவத்தில், ஏறக்குறைய ஒரே முறையில் எண்ணுகிறார்கள் என்று தோழி சொன்னபோதுதான் எனக்கு ஆர்வம் பிறந்தது. வருட முடிவில் எல்லாக் கிளைகளிலும் ஒரே நாளில் இருப்பு எண்ணுவது போலத்தானே இதுவும்.

முதல் நாளே சண்டை வந்தது. எதிரே தண்ணீரில் சீழ்க்கைச் சிரவிகள். நான் பதினான்கு என்றேன், பக்கத்தில் நின்றவர் இருபத்திரண்டு என்றார். "சரி, பதினெட்டு என்று போடுவோம்" என்று மூன்றாமவர் சமாதானம் செய்துவைத்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. களஞ்சியத்தில் இப்படி எழுதினால் வேலை போய்விடும்.

அடுத்த மாதத்திலிருந்து நானும், பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்த மலைநாட்டுத் தம்பி ஒருவரும், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரும் சேர்ந்து பத்தரமுல்லைப் பக்கத்தில் ஒரு சதுப்பை எங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டோம். எந்தச் சதுப்பு என்று சொல்லப்போவதில்லை. ஏன் என்று பின்னால் வரும். ஜனவரிக்கு மட்டுமல்லாமல் மாதம் ஒரு முறை போவது என்று முடிவு. வலசைப் பறவைகளைப் பார்க்க ஜனவரி போதும்; இங்கேயே கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கும் பறவைகள் ஜனவரியின் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது.

முறையை எழுதுகிறேன், யாருக்காவது உதவும். கால்வாய்க் கரையோரம் எட்டு இடங்களைக் குறித்துக்கொண்டோம், ஒன்றுக்கொன்று ஏறக்குறைய இருநூறு மீட்டர் இடைவெளி. முதற் புள்ளியில் காலை ஆறேகாலுக்கு நிற்க வேண்டும். போனதும் இரண்டு நிமிடம் சும்மா நிற்பது, எங்கள் காலடிச் சத்தத்துக்குப் பதுங்கியவை வெளியே வரட்டும் என்று. பிறகு சரியாகப் பத்து நிமிடம். ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும், ஒருவர் எழுத வேண்டும், மற்றவர் வாய் திறக்கக் கூடாது. தலைக்கு மேலே பறந்து போவதைத் தனி நிரலில் எழுதுவோம். அது அந்த இடத்தின் பறவை அல்ல. மழை பெய்தால் நிறுத்திவிட்டு வேறொரு நாள் முதலிலிருந்து தொடங்குவோம்.

இவற்றையெல்லாம் விட முக்கியமானது, எட்டாம் புள்ளிக்கு அருகே மதகுச் சுவரில் வெள்ளைப் பூச்சால் இட்டிருக்கும் நீர்மட்ட அளவு. அதை முதல் ஆறு மாதம் நாங்கள் எழுதவில்லை. பிறகு பார்த்தால், நீர் ஏறிய மாதங்களில் நாரையும் கொக்கும் பாதியாகக் குறைந்திருக்கின்றன. அவை எங்கும் செத்துப்போகவில்லை. நிற்க ஆழம் சரியில்லாமல் வேறு வயலுக்குப் போயிருக்கின்றன. நீர்மட்டம் எழுதாத அந்த ஆறு மாதக் கணக்கை இன்று எதனோடும் ஒப்பிட முடியவில்லை. குறிப்பில்லாத ஐந்தொகை போல அலமாரியில் கிடக்கிறது.

பூச்சியத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பறவை பார்ப்பவர்களுக்குப் பார்த்ததை எழுதத்தான் பிடிக்கும். காணாததை எழுதச் சலிப்பு. நாங்கள் தாளில் எழுபது பெயர்களை முன்கூட்டியே அச்சடித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே எண் போட வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். காணவில்லை என்றால் 0. போகவில்லை என்றால் கோடு. இரண்டும் ஒன்றல்ல என்பது 2020இல் எல்லோருக்கும் விளங்கியது. மார்ச் 20ஆம் திகதி ஊரடங்கு வந்தது. அடுத்த மூன்று தாள்களில் மேலிருந்து கீழாக ஒரே கோடு. உதவிக்கு வந்த பிள்ளை ஒருத்தி எக்செலில் ஏற்றும்போது அந்தக் கோடுகளையெல்லாம் பூச்சியமாக மாற்றிவிட்டாள். வரைபடத்தில் அந்த வருடம் கொழும்பின் பறவை எல்லாம் அழிந்து, ஜூலையில் உயிர்த்தெழுந்தது போல இருந்தது.

பெயர்ச் சிக்கல் தனிக் கதை. தாள் மும்மொழியில் இருக்க வேண்டும் என்று ஆசிரியை பிடிவாதமாக நின்றார். தமிழ்ப் பெயருக்குப் புத்தகத்தைப் பார்த்தால், அது தமிழ்நாட்டுப் பெயர். தம்பியின் தோட்டத்தில் வேறு பெயர். என் அம்மா வடமராட்சியில் சொன்னது இன்னொன்று. கடைசியில் எங்களைக் காப்பாற்றியவர் அந்தச் சதுப்பில் கங்குன் கீரை பறித்து விற்கும் ஐயா. அவருக்குத் தாழைக்கோழி என்றால் சிங்களத்தில் 'கித்தலா', கானாங்கோழி என்றால் 'கொரவக்கா'. எது எங்கே கூடு வைக்கும், எந்த மாதம் குஞ்சோடு திரியும் என்பது வரை சொல்லுவார். நாங்கள் பைனோகுலரால் பத்து நிமிடம் பார்ப்பதை அவர் நாற்பது வருடமாக இடுப்பளவு தண்ணீரில் நின்று பார்க்கிறார். ஆனால் அவரை எங்கள் கணக்குக்குள் கொண்டுவர எங்களுக்கு நான்கு வருடம் பிடித்தது. படித்தவர்களின் மெத்தனம், வேறென்ன.

பைனோகுலர் என்றதும் நினைவு வருகிறது. 2014இல், யாழ்ப்பாண முகவரி பதிந்த அடையாள அட்டையோடு, பாராளுமன்றத்துக்குக் கூப்பிடு தூரத்தில், கையில் பைனோகுலரும் குறிப்புப் புத்தகமுமாக நின்றால் என்ன நடக்கும்? இரண்டாம் மாதமே சீருடைக்காரர் இருவர் வந்து புத்தகத்தை வாங்கிப் புரட்டினார்கள். "மடையான் 6, செம்பருந்து 2" என்பதை ஒருவர் சத்தமாக வாசித்தார். மற்றவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அதனால் தப்பினோம். அதன்பிறகு மூன்று மொழிகளிலும் ஒரு கடிதம் எப்போதும் பையில் இருக்கும். எந்தக் கண்காணிப்புப் புத்தகத்திலும் இந்த அறிவுரையை நான் காணவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

2018 அக்டோபரில், ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சார் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் கீழ், கொழும்புக்கு ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. உலகில் முதன்முதலாக அதைப் பெற்ற பதினெட்டு நகரங்களில் கொழும்பும் ஒன்று. உண்மையில் பெருமைப்படத்தக்க விஷயம்தான். 2010 நவம்பரில் பாராளுமன்ற வளாகத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்த பிறகுதான், இந்தச் சதுப்புகள் வெறும் காலி நிலமல்ல, மழைநீரைப் பிடித்துவைக்கும் பாத்திரங்கள் என்பது மேலிடத்துக்கு உறைத்தது. அதன்பின் பெத்தகான, தியசரு போன்ற பூங்காக்களில் மரப்பலகைப் பாதை வந்தது. (புதிதாகத் தொடங்குபவர்கள் அங்கே தொடங்குங்கள், சேற்றில் இறங்க வேண்டியதில்லை, கழிப்பறையும் இருக்கிறது.)

அந்த மகிழ்ச்சியில் நாங்களும் ஒரு அறிக்கை எழுதினோம். 2014இல் எங்கள் சதுப்பில் வருடம் முழுதும் கண்டது 58 பறவையினம், 2018இல் 79. ஐந்து வருடத்தில் 21 இனம் அதிகம்! கூட்டமொன்றில் வாசித்தோம், கைதட்டினார்கள். மாலுப் பணிஸும் பிளேன்டீயும் தந்தார்கள்.

வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கம் வரவில்லை. மொத்தம் பொருந்திவிட்டால் கணக்கு சரி என்று நம்புகிறவர் என் தொழிலில் இரண்டு வருடம் தாக்குப்பிடிக்க மாட்டார். விற்பனை கூடியிருக்கும், ஆனால் கூடியது எல்லாம் கடன் விற்பனையாக இருக்கும். எழுந்து விளக்கைப் போட்டு, 79 இனங்களையும் மூன்றாகப் பிரித்தேன். தண்ணீரும் நாணலும் இல்லாவிட்டால் வாழ முடியாதவை ஒரு நிரல். மரம் இருந்தால் போதும் என்பவை இன்னொன்று. காகம், மைனா போல எங்கும் பிழைப்பவை மூன்றாவது.

சதுப்பை நம்பியவை 31 இலிருந்து 22 ஆகக் குறைந்திருந்தன. மரத்தை நம்பியவை 9 இலிருந்து 31 ஆகியிருந்தன. எங்கும் பிழைப்பவை 18 இலிருந்து 26.

குக்குறுவான், மாங்குயில், தையல்சிட்டு, செண்பகம் எல்லாம் வந்து சேர்ந்திருக்கின்றன. நல்ல பறவைகள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அவை என் வெள்ளவத்தை வீட்டு மாமரத்திலும் இருக்கின்றன. மஞ்சள் குருகும் நாணலுக்குள் கத்தும் கதிர்க்குருவியும் நீளவால் இலைக்கோழியும் மாமரத்தில் இருக்காது. நாங்கள் கைதட்டு வாங்கியது ஒரு சதுப்பு தோப்பாக மாறிக்கொண்டிருந்ததற்கு.

தம்பி உடனே ஒரு ஆட்சேபம் சொன்னார், அது நியாயமானது. "அக்கா, 2014இல் உங்களுக்குத் தையல்சிட்டின் குரல் தெரியாது. இப்போது தெரிகிறது. கூடியது பறவையா, உங்கள் காதா?" உண்மை. மரப் பறவைகள் கூடியதில் எங்கள் பழக்கத்துக்கும் பங்கு உண்டு. எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. ஆனால் பழக்கம் எண்ணிக்கையைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. கண்ணும் காதும் கூர்மையான பிறகும் சதுப்புப் பறவைகள் ஒன்பது குறைந்திருக்கின்றன என்றால், அது நிஜமான குறைவு. புதிதாக எண்ணத் தொடங்குபவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஆரம்ப வருடங்களில் கிடைக்கும் ஏற்றத்தை நம்பாதீர்கள், இறக்கத்தை நம்புங்கள்.

காரணம் கண்முன்னே நின்றது. 'வெல் ஆத்தா' என்று சிங்களத்தில் சொல்லும் மரம். எங்கள் ஊர் அன்னமுன்னாவின் உறவு; அமெரிக்க வெப்பமண்டலத்துச் சதுப்பு மரம். இலை பளபளவென்றிருக்கும், காய் பச்சையில் மஞ்சள் ஓடியிருக்கும், பழுத்தது தண்ணீரில் விழுந்தால் விதை மிதந்து அடுத்த வெள்ளத்தோடு அடுத்த சதுப்புக்குப் போகும். முதலில் கரையில் இரண்டு மூன்று. அதன் வேரில் சேறு தங்குகிறது, சேற்றில் நிலம் எழும்புகிறது, நாணலுக்கு வெயில் இல்லாமல் போகிறது. வருடா வருடம் அதே பாதையில் நடந்த எங்களுக்கு அது வளர்ந்தது தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை வளர்வது தெரியாதது போல. ஆசிரியை 2014இல் விளையாட்டாக எடுத்த ஒரு படத்தைத் தேடி எடுத்து, அதே இடத்தில் நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது. படத்தில் வெட்டவெளித் தண்ணீரும் நாணலும். எதிரே சுவர் போல மரம்.

அன்றிலிருந்து எட்டுப் புள்ளிகளிலும் கம்பியொன்றை நட்டு, அதன் தலையில் தொலைபேசியை வைத்து, ஜனவரியிலும் ஜூலையிலும் நாலு திசைக்கும் ஒவ்வொரு படம் எடுக்கிறோம். செலவு எதுவுமில்லை, பறவை தெரிய வேண்டியதில்லை, பத்து வயதுப் பிள்ளையும் செய்யலாம். என்னைக் கேட்டால், பத்து வருடப் பறவைக் கணக்கை விட அந்த முப்பத்திரண்டு படங்கள்தான் அதிகாரிகளின் மனதை மாற்றின. முதல் நாளே தொடங்கியிருக்க வேண்டும்.

ஆனால் மனதை மாற்றியதில் ஒரு விபத்து நடந்தது, அதில் எங்கள் கையும் இருக்கிறது.

2019இல் புதிய அறிக்கை எழுதினோம். 46 பக்கம். அதன் கடைசியில், "ஆக்கிரமிப்புத் தாவரங்களால் சதுப்பு மூடிவருகிறது, அவற்றை அகற்றுவது அவசியம்" என்று ஒரு வரி. சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் கொடுத்தோம். இரண்டு வருடம் சத்தமில்லை. 2021 மார்ச்சில் ஒரு நாள் காலை போனால் பெக்கோ இயந்திரம் ஒன்று கால்வாய்க் கரையில் நின்று அள்ளிக்கொண்டிருந்தது. ஓட்டுநரிடம் கேட்டதற்கு, ஆக்கிரமிப்புத் தாவரம் அகற்றச் சொல்லி உத்தரவு என்றார். எங்கள் வரிதான்.

இயந்திரத்தின் கை எட்டும் தூரத்தில் இருந்தது ஆகாயத்தாமரையும் நாணலும் அல்லியும். வெல் ஆத்தா உள்ளே சேற்றில், கை எட்டாத இடத்தில் நின்றது. ஆக, கெடுத்த மரத்தை விட்டுவிட்டு, மிச்சமிருந்த சதுப்பை அள்ளிக் கரையில் குவித்தார்கள். ஆகாயத்தாமரையும் அந்நியத் தாவரம்தான், நல்லதென்று சொல்ல வரவில்லை. 1905இல் அழகுக்காகக் கொண்டுவந்து, 1909இலேயே அதற்கென்று தனிச் சட்டம் போட வேண்டி வந்த செடி. ஆனால் அந்தப் பாயின் மேல்தான் அந்த வருடம் இலைக்கோழி கூடு வைத்திருந்தது.

அந்தக் கூட்டை இரண்டு வாரத்துக்கு முன்புதான் பார்த்திருந்தோம். கூடு என்று சொல்வதே அதிகம்; மிதக்கும் இலைகளுக்கு மேல் கைப்பிடியளவு ஈரச் சருகு, அதில் நாலு முட்டை. வழுவழுவென்று, வெண்கலக் கிண்ணத்தைத் துலக்கி வைத்தது போல ஒரு பழுப்பு நிறம். இந்தப் பறவையில் அடைகாப்பது ஆண். பெண் முட்டையிட்டுவிட்டு அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும். அந்த ஆண், நீண்ட வால் பின்னால் வளைந்து தண்ணீரில் தொட, ஒரு காலை மடக்கி மெதுவாக உட்கார்ந்து முட்டைகளை இறக்கைக்குள் இழுத்துக்கொண்டதை நான் பத்து நிமிடமும் பார்த்துக்கொண்டு நின்று, வேறெதையும் எண்ணவில்லை. அந்தத் தாளில் மூன்றாம் புள்ளி கோடுதான்.

பெக்கோ வந்த அன்று அந்த ஆண் கரையில் குவிந்த செடிக் குவியலைச் சுற்றிச் சுற்றிப் பறந்துகொண்டிருந்தது.

யாரைத் திட்டுவது? ஓட்டுநர் சொன்னதைச் செய்தார். அலுவலகம் நாங்கள் எழுதியதைச் செய்தது. எந்தச் செடி, எந்தப் பக்கம், எவ்வளவு, எந்த மாதம் என்று நாங்கள் எழுதவில்லை. 46 பக்கத்தில் இலைக்கோழி கூடுவைக்கும் மாதங்கள் இருந்தன, 31ஆம் பக்கத்தில், ஒரு அட்டவணைக்குள். யார் பார்ப்பார்கள்?

மூன்றாம் நாள் பெக்கோ சேற்றில் புதைந்தது. இழுத்தெடுக்க இன்னொன்று வந்து, அதுவும் சாய்ந்து, பிறகு மழை பிடித்து, வேலை அப்படியே நின்றுபோனது. மேற்குப் பக்கம் மழித்த தலை, கிழக்குப் பக்கம் அப்படியே. நான் இதைச் சொல்லும்போது எல்லோரும் சிரிப்பார்கள், ஆனால் எங்கள் கண்காணிப்புக்கு அந்தப் புதைகுழி பெரிய உபகாரம் செய்தது. எண்ணும் இடம் முழுவதிலும் ஒரே மாற்றத்தைச் செய்துவிட்டால், பிறகு பறவை கூடினாலும் குறைந்தாலும் அது மாற்றத்தாலா மழையாலா என்று சொல்ல முடியாது. ஒரு பாதியைத் தொடாமல் விட்டால் சொல்லலாம். தொடாத பாதி வேண்டும் என்று அனுமதி கேட்டிருந்தால் எந்த அலுவலகமும் தந்திருக்காது. சேறு தந்தது.

அடுத்த வருடம் எரிபொருள் இல்லை. 2022 ஜூனிலும் ஜூலையிலும் முச்சக்கரவண்டி கிடைக்காமல் தம்பி சைக்கிளில் போய்த் தனியாக எண்ணினார். ஒருவர் பார்ப்பதும் எழுதுவதும் இரண்டு பேர் செய்வதற்குச் சமமாகாது; அந்த இரு தாள்களின் தலையிலும் "ஒருவர்" என்று சிவப்பில் எழுதியிருக்கிறது. விட்டதை விட்டது என்று எழுதினால் கணக்கு கெடாது.

இரண்டு வருடத் தாள்களில் தெரிந்தது இதுதான். மழித்த மேற்கில் முதல் சில மாதம் கொக்கும் நாரையும் கூடின, திறந்த தண்ணீரில் மீன் பிடிக்க வசதி. தாழைக்கோழி அடியோடு போயிற்று. அது நாணல் தண்டைக் காலால் கையைப் போலப் பிடித்து, பட்டையை உரித்து, உள்ளே வெள்ளைச் சோற்றைத் தின்னும் பறவை. நாணல் இல்லாத இடத்தில் அதற்கு என்ன வேலை? எட்டு மாதத்தில் ஆகாயத்தாமரை திரும்ப மூடிவிட்டது, ஏனென்றால் வேரோடு அள்ளியதில் பாதி கரையிலிருந்தே வழுக்கித் தண்ணீருக்குள் விழுந்திருந்தது. கிழக்கில் தாழைக்கோழி இருந்தது. ஆனால் வெல் ஆத்தா மேலும் இரண்டு மீட்டர் முன்னேறியிருந்தது. ஆக, இரு பாதியுமே சரியில்லை. ஒன்றும் செய்யாமல் விட்டாலும் சதுப்பு போகும், எல்லாவற்றையும் அள்ளினாலும் போகும்.

இந்த முறை அறிக்கை எழுதவில்லை. 2023இல் அந்த அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருந்த பொறியியலாளர் ஒருவரைப் போய்ப் பார்த்தோம். இளைஞர். நாங்கள் படங்களை விரித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "மிஸ், எனக்கு மூன்று விஷயம் சொல்லுங்கள். எந்த மாதம் நான் இறங்கக் கூடாது, எந்த இடத்தில் எத்தனை மீட்டர் விட வேண்டும், எதை முதலில் வெட்ட வேண்டும். எனக்கு ஒக்டோபர் மழைக்கு முன் கால்வாயில் தண்ணீர் ஓட வேண்டும், அதில் விட்டுக்கொடுக்க முடியாது." ஒன்பது வருடத்தில் எங்களிடம் யாரும் கேட்காத கேள்வி. நாங்களும் அவர்களிடம் கேட்டிராத கேள்வி: உங்களுக்கு எப்போது முடிவெடுக்க வேண்டும்?

எங்கள் தாள்களின்படி ஜனவரியிலிருந்து ஜூலை வரை ஏதாவதொன்று கூட்டில் இருக்கிறது. அவருக்கு ஒக்டோபருக்கு முன் முடிய வேண்டும். நடுவில் ஆகஸ்ட்டும் செப்டம்பரும் இருந்தன. அரை மணித்தியாலத்தில் முடிந்தது பேச்சு. வெல் ஆத்தாவைக் கையால் வெட்டுவது. வெட்டினால் அடியிலிருந்து துளிர்க்கும், ஆகவே அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் துளிரை வெட்ட ஆள் போடுவது. ஆகாயத்தாமரையை ஒரே தடவையில் அல்லாமல் பட்டை பட்டையாக, ஒரு பட்டை எடுத்தால் ஒரு பட்டை விட்டு எடுப்பது. நாணலின் விளிம்பில் ஐந்து மீட்டர் தொடாமல் விடுவது. எல்லாம் ஒரு பக்கத்தில், வரைபடத்தோடு. கங்குன் ஐயாவை வெட்டும் ஆட்களுக்கு மேற்பார்வை பார்க்கக் கூலிக்கு வைத்தார்கள். எது வெல் ஆத்தாக் கன்று, எது நல்ல செடி என்று அவருக்குத்தான் தெரியும்.

2024 ஆகஸ்ட்டில் அப்படியே நடந்தது. அடுத்த வருடம் இரண்டாம் புள்ளியிலும் மூன்றாம் புள்ளியிலும் தாழைக்கோழி குஞ்சோடு வந்தது. இலைக்கோழி ஒரு ஜோடி. மஞ்சள் குருகு வரவில்லை, இன்றுவரை 0.

இடையில் தானியங்கிக் கமெரா வைத்த கதையும் உண்டு. கடன் வாங்கிய இரண்டு கமெராக்கள். முதல் வாரம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள், எல்லாம் காற்றில் ஆடும் புல். முன்னால் நிற்கும் புல்லை வெட்டி, கமெராவை முழங்கால் உயரத்தில் கட்டிய பிறகு கபரகொய்யா எனும் நீர் உடும்பு, கீரி, பக்கத்து மாடிவீட்டு நாய். பதினோராவது இரவு, அதிகாலை 2.10க்கு, மீன்பிடிப் பூனை. 'ஹந்துன் திவியா'. தண்ணீர் ஓரத்தில் முன்னங்கால் நனைய உட்கார்ந்து கமெராவையே பார்க்கிறது. பின்னால் மங்கலாகச் சூப்பர் மார்க்கெட்டின் விளக்கு. உலக அளவில் ஆபத்துக்குள்ளாகக்கூடிய இனம் என்று செம்பட்டியலில் இருக்கும் மிருகம், வங்கிக்கும் கடைக்கும் நடுவே.

இடத்தின் பெயரைச் சொல்லாததற்கு அதுதான் காரணம். எங்களோடு வந்த ஒருவர் அந்தப் படத்தை இடத்தின் பெயரோடு பேஸ்புக்கில் போட்டார். இரண்டு நாளில் டோர்ச்சோடு ஆட்கள் வந்தார்கள், சிலர் நாயோடு. மூன்றாம் நாள் ஒரு கமெரா காணாமல் போனது. அதன்பிறகு கூடு, குகை, குட்டி என்று எது கண்டாலும் இடத்தைத் தாளில் எழுதி, தாளைப் பூட்டி வைக்கிறோம். முடிவெடுக்க வேண்டியவருக்கு மட்டும் காட்டுவோம். பொது இணையத் தரவுத்தளங்களில் பதிவதும் நல்லதே, நாங்களும் சாதாரணப் பறவைகளைப் பதிகிறோம். எல்லாவற்றையும் எல்லோருக்கும் காட்ட வேண்டியதில்லை.

இன்னொன்று, சேற்றில் இறங்குபவர்களுக்கு: முழங்கால் வரை றப்பர் சப்பாத்து இல்லாமல் இறங்காதீர்கள். காலில் வெட்டுக்காயம் இருந்தால் அன்று இறங்கவே வேண்டாம். எங்களில் ஒருவர் எலிக்காய்ச்சலில் பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். காய்ச்சல் வந்தால், சதுப்பில் நின்றதை முதல் வார்த்தையாக டாக்டரிடம் சொல்லுங்கள்.

சென்ற வாரம் கங்குன் ஐயா தொலைபேசியில் அழைத்தார். அந்த இளம் பொறியியலாளர் மாற்றலாகிப் போய்விட்டாராம். துளிர் வெட்டும் வேலை புதிய ஒப்பந்தக்காரர் ஒருவர் கைக்குப் போயிருக்கிறது. அவருடைய ஆள் வந்து கரையைப் பார்த்துவிட்டு, "இதையெல்லாம் ஒரே வாரத்தில் வழித்துவிடலாம்" என்று சொன்னாராம். ஐயா அவரிடம் தாழைக்கோழியைப் பற்றி ஏதோ சொல்லப் போக, அவர் கேட்டுக்கொண்டே வாகனத்தில் ஏறிவிட்டாராம்.

அந்த ஒரு பக்கத் தாளின் பிரதி என்னிடம் இருக்கிறது. கோப்பில் ஒரு பிரதி இருக்க வேண்டும், ஆனால் கோப்புகளைப் பற்றி எனக்குத் தெரியாததா? நாலு பிரதி எடுத்து, இந்த வருடத் தாள்களிலிருந்து இரண்டாம் மூன்றாம் புள்ளி எண்களைப் பின்பக்கத்தில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை காலைக்கு அரைநாள் லீவு எழுதிக் கொடுத்தாயிற்று. தம்பி வத்தளையிலிருந்து நேரே வருகிறார்.